கடலைத் திட்டிய தெரு

தூத்துக்குடியில் ஒரு முழுத் தெருவையும் கடற்கரையிலிருந்து கிளப்பிவிடப் பார்த்த ஆசாமி நான்தான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நல்ல இங்கிலீஷ் இருந்தது, அதனால் வந்த வினை. யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. பி.ஏ. தேறிவிட்டு, வேலை கிடைக்காமல், அப்பாவின் கருப்பட்டி மண்டியில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். ஊரில் என்னைவிட இங்கிலீஷ் தெரிந்தவர்கள் மூன்று பேர் இருக்கலாம் என்பது என் மதிப்பீடு. அதில் இரண்டு பேர் மீது எனக்குச் சந்தேகமும் உண்டு.

அந்தச் சமயத்தில் பம்பாயிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து இறங்கினார். சமூகவியல் என்று ஒரு படிப்பு இருப்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஜனங்கள் எப்படிப் பிழைக்கிறார்கள், எதை நம்புகிறார்கள், யாரோடு பேசுகிறார்கள், யாரோடு பேசுவதில்லை என்றெல்லாம் விசாரித்து எழுதுவதாம். இதற்கு எதற்குப் பேராசிரியர், எங்கள் எதிர்வீட்டு அத்தை போதுமே என்று நினைத்தேன்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் சங்கு குளிப்பவர்கள் குடியிருந்த தெரு ஒன்று உண்டு. அதைக் காலி செய்து சரக்குக் கொட்டகை போடலாமா, ஜனங்களுக்கு இரண்டு மைல் உள்ளே தள்ளிச் செங்கல் வீடு கட்டிக் கொடுத்துவிடலாமா என்று ஒரு கமிட்டி யோசித்துக்கொண்டிருந்தது. அந்த ஜனங்களின் மனசு எப்படி என்று அறிந்து அறிக்கை கொடுக்க வேண்டியது பேராசிரியர் பொறுப்பு. அவருக்குத் தமிழ் தெரியாது. எனவே நான்.

சித்திரை வெயிலில் இரவல் கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினேன். எதற்காகக் கேட்கிறோம் என்று யாருக்கும் சொல்லக் கூடாது, சொன்னால் பதில் மாறிவிடும் என்பது பேராசிரியரின் கட்டளை. முதல் வீட்டில், மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்த ஓர் அம்மாள் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். அச்சடித்த தாளைப் பார்த்து, "இவ்விடத்தில் வசிப்பது தங்களுக்குத் திருப்தியளிக்கிறதா?" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள். "ஏளா, இங்கன வா. இந்தத் தம்பி கோயில் சாமியாரு மாதிரி லத்தீன்ல பூசை வைக்காரு."

பக்கத்து வீட்டுக்காரி கொஞ்சம் யோசித்து அர்த்தம் சொன்னாள். "இங்கன இருக்கது நல்லா இருக்கான்னு கேக்காரு போல."

"நல்லா என்ன இருக்கு? நாசமாப் போற கடலு! உப்புக் காத்துக்குக் கூரையில ஓலை நிக்க மாட்டேங்கு. நாள் பூரா முங்குனாலும் கையில வாரது ரெண்டு சொத்தைச் சங்கு. எந்த நேரத்துல இங்கன வந்து வாக்கப்பட்டேனோ, மாதாவே!"

ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்துத் தாளில் எழுதினேன். 'நாசமாப் போற' என்பதற்கு நான் போட்ட இங்கிலீஷ் வார்த்தையில் நானே சொக்கிப்போனேன். அடுத்த வீட்டிலும் அதே பாட்டு, அதற்கடுத்த வீட்டில் இன்னும் உரத்த குரலில். ஒரு வாரம் முடிந்தபோது தெருவே கடலை விட்டு ஓடத் துடிக்கிறது என்று தாள்கள் சொல்லின. பேராசிரியர் அறிக்கையை எழுதி முடித்தார். மறுநாள் காலைத் தபாலில் போக வேண்டியது. என் மொழிபெயர்ப்பு கண்ணாடி போல இருந்தது என்று பாராட்டினார். அன்று நான் மார்பை விரித்து நடந்த நடையில் கோட்டு கொஞ்சம் குட்டையாகிவிட்டது.

சாயங்காலம் மண்டிக்குப் போனேன். மூட்டைகளுக்கு நடுவே கால் வைக்க இடமில்லை; வாசலில் நான்கு வண்டிகள் சரக்குக்குக் காத்து நின்றன. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வந்த வியாபாரி ஒருவர், "யாவாரம் எப்படி அண்ணாச்சி?" என்றார்.

வியர்வையைத் துடைத்துக்கொண்டே அப்பா சொன்னார். "என்னத்த யாவாரம்? ஈ ஓட்டிட்டு இருக்கேன்."

"நம்ம பாடும் அதான்" என்று சொல்லிவிட்டு அவர் ஒரு வண்டிச் சரக்கு ஏற்றிக்கொண்டு போனார்.

பிறந்தது முதல் கேட்ட பேச்சு. அன்றைக்குத்தான் அது காதில் விழுந்தது. அப்பா ஈ ஓட்டித்தான் என்னைக் காலேஜில் படிக்க வைத்தார். எங்கள் வீட்டில் கொழுகொழுவென்று இருக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, "மெலிஞ்சு போச்சு" என்றுதான் அம்மா அடுத்தவரிடம் சொல்லுவாள். நன்றாக இருப்பதை நன்றாக இருக்கிறது என்று இந்தச் சீமையில் எவன் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறான்? கண் பட்டுவிடாதா? இந்த மண்ணிலேயே பிறந்தவன், ஒரு வாரம் பம்பாய்க்காரனாகவே இருந்து எழுதி வாங்கியிருக்கிறேன்.

காலையில் தபால் எடுப்பதற்குள் பேராசிரியர் தங்கியிருந்த பங்களாவுக்கு ஓடினேன். அவர் அறிக்கை உறையை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"என் மொழிபெயர்ப்பு தவறு, சார்."

"எந்த வார்த்தை?"

"வார்த்தை எல்லாம் சரி. மொத்தமும் தவறு."

அப்பாவின் ஈக்களைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது உங்கள் அபிப்பிராயம். நான் கண்ணால் பார்க்க வேண்டுமே" என்றார். "எதற்காகக் கேட்டோம் என்று ஒரு தடவை அவர்களிடம் சொல்லிப் பாருங்கள், சார்" என்றேன். அவர் உறையைக் கையிலேயே வைத்துக்கொண்டு புறப்பட்டார்.

அதே அம்மாள். கோட்டு இல்லாமல், ஊர்ப் பேச்சிலேயே சொன்னேன். "அக்கா, நீங்க சொன்னத எழுதியாச்சு. ரெண்டு மைல் உள்ள தள்ளிச் செங்கல் வீடு கட்டித் தரப் போறாவ. இனி உங்களுக்குக் கடல் தொந்தரவே கெடையாது."

அவள் கையிலிருந்த கருவாடு நழுவியது. "நாங்க போறோம்னு எந்தக் கட்டையில போறவன் சொன்னான்?"

"நீங்கதான், அக்கா. நாசமாப் போற கடலுன்னு..."

"ஏலே! எங்க மாப்பிள்ளயத்தான் தெனம் வையுதோம். அதுக்காவ மகளுக்கு வேற எடம் பாக்கச் சொன்னோமா?"

தெரு கூடிவிட்டது. "முன்னபின்ன தெரியாத ஆளு கேக்கான்னு, நல்லா இருக்கோம்னு சொல்லி, கடலுக்குள்ள முங்குத மனுசனுக்குக் கண்ணு விழவா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. சங்கு குளித்துவிட்டு அப்போதுதான் கரையேறிய ஒருவர், தலையில் நீர் சொட்டச் சொட்டக் கேட்டார். "அங்கன போயி எதுல முங்க? கெணத்துலயா?"

மாப்பிள்ளை சமாச்சாரத்தை மொழிபெயர்த்தேன். பேராசிரியர் அங்கே கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்தின் மேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு உறையை நான்காகக் கிழித்தார். ஒருவருக்கு எது பிரியம் என்பதை அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது, கூட இருந்து பார்த்தால்தான் தெரியும், இதை என் மாணவர்களுக்கு வருஷா வருஷம் சொல்லிக்கொடுக்கிறேன், நானே மறந்துவிட்டேன் என்றார். ஒரு மாசம் தங்கினார். நாலு வார்த்தை தமிழ் கற்றுக்கொண்டு, நான் கூட வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாகவே தெருவுக்குப் போய்வந்தார். புது அறிக்கை போயிற்று. சரக்குக் கொட்டகைக்குக் கமிட்டி வேறு இடம் பார்த்துக்கொண்டது. அதற்கு நான்தான் காரணம் என்று நான் சொல்லிவருகிறேன், கமிட்டி சொன்னதில்லை.

இருபது வருஷமாக என்னென்னவோ எழுதிவிட்டேன், சிலவற்றைச் சிலர் படித்தும் இருக்கிறார்கள். ஆனாலும் ஒட்டின உறையின் முன் நின்று 'மொத்தமும் தவறு' என்று சொன்ன அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் இன்றும் அந்தத் தெரு வழியாகக் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறேன்.

புது அறிக்கை போன மறு வருஷம் அந்த அம்மாளை மீன் கடையில் பார்த்தேன். நன்றி சொல்லுவாள் என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். "அந்தப் பம்பாய்க்காரவுக தங்கமான மனுசன், தம்பி" என்றாள். "நீ வராம அவுக தனியா வந்த பெறகுதான், அவுக என்ன கேக்காவன்னே எங்களுக்கு வெளங்குச்சு."