படையலுக்கு முன் ஒரு கிண்ணம் நண்டு

ஞானஸ்நானம் எடுத்த வருடம் எனக்குப் பக்தி அளவுக்கு மீறி ஏறியிருந்தது. ஈப்போவில் நான் வழக்கமாகப் போகும் கோப்பிக் கடைக்காரர், என் தலையைக் கண்டாலே உபதேசத்துக்குப் பயந்து கல்லாவை விட்டுவிட்டு உள்ளே நழுவிவிடுவார். சீடனாக இருக்க விலை கொடுக்க வேண்டும் என்று சபையில் சொல்லியிருந்தார்கள். எங்கே கொடுப்பது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

தீபாவளிக்கு முதல் நாள் அந்த வாய்ப்பு கிடைத்தது. அன்று பக்கத்து ஊரான லகாட்டில் அண்ணன் வீட்டில், காலமான அப்பாவுக்குப் படையல். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய அப்பாவுக்கு நண்டு என்றால் உயிர். அண்ணி கடலோரப் பாகான் டத்தோவிலிருந்து வரும் நண்டு வாங்கிப் பிரட்டி, அப்பா படத்துக்கு முன்னால் இலையில் வைத்து, பக்கத்தில் ஒரு பாட்டில் கருப்பு பீரும் வைப்பார். கும்பிட்டு முடிக்கும்வரை யாரும் வாயில் வைக்கக் கூடாது. உப்புகூடப் பார்க்கக் கூடாது.

"படைச்சத நான் சாப்பிட மாட்டேன்" என்றேன். அதோடு நிறுத்தாமல் அரை மணி நேரம் பிரசங்கமும் செய்தேன். நண்டு ஆறிப்போனது.

"இவன் அடுத்த வருசம் இங்க வர வேணாம்லா" என்று அண்ணன் அண்ணியிடம் சொன்னார்.

சபையில் இதைப் பெருமையாகச் சொன்னேன். எனக்காக ஜெபித்தார்கள். ஆனால் அண்ணன் வீட்டுக்குப் போகாத தீபாவளியை நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அடுத்த தீபாவளிக்கு அண்ணிதான் கூப்பிட்டார். "வாங்க தம்பி. ஒங்க அண்ணன்கிட்ட பேசிட்டேன். படைக்கிறதுக்கு முந்தியே ஒங்களுக்குத் தனியா எடுத்து வெச்சிர்றேன்."

போனேன். பல வருடங்கள் அப்படியே போனேன். அந்தக் கிண்ணத்தை எனக்குக் கிடைத்த வெற்றியாகவே நினைத்து, எல்லோர் காதிலும் விழும்படி ஜெபம் பண்ணிவிட்டு ஓடுகூட மிச்சமில்லாமல் தின்றேன்.

போன தீபாவளிக்குச் சீக்கிரமே போய்விட்டேன். பின்வாசல் வழியாக நுழைந்தபோது அண்ணி கையில் கிண்ணத்தோடு அப்பா படத்துக்கு முன்னால் நின்றிருந்தார்.

"மாமா, இந்த வருசமும் ஒங்களுக்கு முந்தி சின்னவருக்கு எடுத்துட்டேன். கோவம் இருந்தா என் மேல இருக்கட்டும். அவரு மேல வேணாம்."

எனக்கு வெட்கமாக இருந்தது. விலை கொடுத்தவன் நான் என்றல்லவா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

திரும்பிய அண்ணி என்னைக் கண்டு கொஞ்சம் தடுமாறினார். பிறகு கிண்ணத்தை மேசையில் வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்கார்ந்தேன்.

"என்ன தம்பி, ஜெபம் பண்ணலயா?" என்றார்.

தலையைக் குனிந்து, அண்ணி காதில்கூட விழாதபடி ஜெபித்தேன்.