சம்பந்திக்குச் செய்த கைத்தடி

எங்கள் அப்பா கைத்தடி செய்கிறவர். ஊன்றி நடக்கிற குச்சிதானே என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்குக் கோபம் வந்துவிடும். "ஊனுறதுக்கு நான் எதுக்குய்யா? போயி வேலியில ஒண்ணு ஒடிச்சுக்க" என்பார். அவர் செய்கிற கோலுக்குத் தலை இருக்கும், கழுத்து இருக்கும், கழுத்தில் பித்தளைப் பூண் இருக்கும். கிளித்தலை, யானைத்தலை, குதிரைத்தலை எல்லாம் அச்சாக வரும். சிங்கம் மட்டும் எப்படிச் செதுக்கினாலும் பூனையாகிவிடும். அதையும் சிங்கம் என்று சாதித்து விற்றுவிடுவார். மாரண்டஹள்ளிப் பக்கம் துண்டை மடித்துத் தோளில் போட்ட பெரிய மனிதர் யாரைப் பார்த்தாலும் கையில் எங்கள் வீட்டுக் கோல்தான் இருக்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன், அதற்கென்ன இப்போது.

கோலுக்கு விராலிச் செடியின் கொம்புதான் வேண்டும். மலையோரம் போய் வெட்டிவருவார். காட்டில் எந்தக் கொம்பு நேராக வளர்கிறது? எல்லாம் கோணல்தான். நிழலில் காயவைத்து, விளக்கெண்ணெய் தடவி, நெருப்பில் வாட்டி, முழங்காலில் வைத்து அழுத்தி அழுத்தி நிமிர்த்துவார். பிறகு பலகையோடு சேர்த்துக் கட்டி இரண்டு மாதம் போட்டுவிடுவார். அப்புறம்தான் அரக்குச் சாயம். அரக்குத் தேய்ப்பது அக்காவின் வேலை. "முடிச்ச கோலைச் சுடுதண்ணிப் பக்கம் கொண்டு போயிராதீங்க, அது மறுபடியும் காட்டுக்கே போயிரும்" என்று அப்பா அடிக்கடி சொல்வார். கோணல் திரும்பிவிடும் என்று அர்த்தம். அக்கா கேட்டுக்கொள்வாள். எனக்கு அதெல்லாம் காதில் ஏறாது.

எண்பத்தொன்றோ எண்பத்திரண்டோ, அந்த வருடம் அக்கா பத்தாவது தேறினாள். எங்கள் தெருவில் பெண்பிள்ளைகளில் அவள்தான் முதல். பாலக்கோட்டுக்குப் போய் மேலே படிக்கிறேன் என்றாள். அப்பா, "பஸ்ஸுல தொங்கிட்டுப் போயி என்னா படிக்கப் போற?" என்று கேட்டுவிட்டு, மாப்பிள்ளை பார்த்துவிட்டார். அக்கா மூன்று நாள் சாப்பிடாமல் அழுதாள். நான் ஐந்தாம் வகுப்பில் வாத்தியாருக்குப் பயந்து சோளக்காட்டில் ஒளிந்துகொண்டு, அதோடு பள்ளிக்கூடத்துக்கே முழுக்குப் போட்டவள். பள்ளிக்கூடம் வேண்டும் என்று ஒருத்தி அழுவாள் என்பது எனக்கு எட்டவே இல்லை. வயிற்று வலி என்றுதான் நினைத்தேன். ஓமத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதுகில் ஒன்று வைத்தாள்.

மாப்பிள்ளையின் அப்பா பெரிய தக்காளி விவசாயி. தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து வலது முழங்கால் போனவர். ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்துதான் நடப்பார். ஆனால் தடி ஊன்ற மாட்டேன், அது கிழவன் வேலை என்று வீம்பு. அவருக்கென்று அப்பா ஒரு கோல் செய்தார். காளைத்தலை, இரண்டு கொம்பு, கழுத்தில் மணி, உடம்பெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக அரக்கு. "இது ஊனுறதுக்கு இல்ல, புடிச்சுட்டு நிக்கறதுக்கு" என்று சொல்லிக் கொடுப்பதாக ஏற்பாடு. வெற்றிலை பாக்கு மாற்றுவதற்கு முன்னால் சம்பந்தி கையில் தன் கோலைக் கொடுத்துவிட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை.

சம்பந்தி முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார், "எனக்கு அரிசிச் சோறு வேணாம், களியும் நாட்டுக்கோழிக் கொழம்பும் போதும்" என்று. அவர் களி என்றதும் கூட வருகிற இருபது பேரும் களி என்றுவிட்டார்கள். அதனால் நிச்சயத்தன்று காலையில் அம்மா பெரிய பானையை அடுப்பில் ஏற்றினாள். களி கிண்டுவது தெரிந்தவர்களுக்குத் தெரியும். கொதிக்கிற தண்ணீரில் ராகி மாவு விழுந்துவிட்டால் கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் கட்டி தட்டிவிடும். அப்புறம் அது மாட்டுக்குத்தான்.

மாவு விழுந்தது. நாலு சுற்றுச் சுற்றியிருப்பாள். துடுப்பு நடுவில் படக்கென்று ஒடிந்தது.

"ஐயோ, எதையாச்சும் எடுத்தாங்கடி!" என்று அம்மா கத்தினாள். புகையில் அவளுக்குக் கண் திறக்க முடியவில்லை.

"உலக்கைய எடுத்தாரட்டுமா?" என்றேன். உலக்கை பக்கத்திலேயே சாத்தியிருந்தது.

"உலக்கை வேணாம். அப்பா ரூம்பு மூலையில துணி சுத்தி வெச்சிருக்குது பாரு, அத எடுத்துட்டு வா, ஓடு" என்றாள் அக்கா.

ஓடினேன். அக்காவே துணியை உருவி, அம்மா கையில் திணித்தாள். அம்மா வாங்கினாள், பானைக்குள் விட்டாள், கிண்டினாள். இரண்டு கையாலும் பலம் கொண்ட மட்டும் அழுத்திக் கிண்டியபோது கொம்பு உள்ளங்கையில் குத்தியிருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தவள், "அடிப்பாவிகளா!" என்றாள். ஆனால் கையை நிறுத்தவில்லை. களி பாதி வெந்திருந்தது, நிறுத்த முடியாது. களி முடிந்து வெளியே வந்த கோல் அரிவாள் மாதிரி வளைந்திருந்தது. அரக்கு ஒரு பக்கம் உரிந்துவிட்டது. உரிந்தது எங்கே போயிருக்கும் என்று நான் பானையை எட்டிப் பார்த்தேன். களியில் குங்குமம் கொட்டியது போல அங்கங்கே சிவப்பு.

நிமிர்த்த நேரமில்லை. வெளியே டெம்போ வந்து நின்றுவிட்டது. அம்மா கோலைக் கழுவி, துணியைச் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுச் சாமி படத்தைப் பார்த்தாள்.

எல்லாரும் பாயில் உட்கார்ந்தார்கள். நிச்சயம் முடியாமல் கை நனைக்க மாட்டார்கள், அதனால் முதலில் கோல். அப்பா தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "சம்பந்தி, நம்ம கையால செஞ்சதுங்க. குண்டூசியாட்டம் நேரா இருக்கும், பாருங்க" என்று துணியை உருவினார்.

காளைத்தலை நன்றாகத்தான் இருந்தது. காளைக்குக் கீழேதான் ஊர்ப்பட்ட வளைவு. அப்பா கோலைப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், அந்தப் பக்கமும் அது வளைந்துதான் இருந்தது. சித்தப்பா மெதுவாக, "நாய் வாலு தோத்துச்சு போ" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

மாப்பிள்ளையின் பெரியப்பா முதலில் எழுந்தார். "காலு கோணலா இருக்கறவனுக்குக் கோணக் கோலு. நக்கலுங்களா? எந்திரிங்கப்பா, இந்த வூட்டுல கை நனைக்க வேணாம்."

"சாமி சத்தியமா நேத்து நேரா இருந்துச்சுங்க" என்றார் அப்பா. அவர் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதே இல்லை. அம்மா கதவுக்குப் பின்னால் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். அக்கா தலையைக் குனிந்தபடி அசையாமல் நின்றாள். இரண்டு பேர் செருப்பு மாட்டிவிட்டார்கள். எனக்கு அப்பாவைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"அதுலதாங்க களி கிண்டுனோம்!" என்று கத்திவிட்டேன்.

சம்பந்தி என்னைப் பார்த்தார். "என்னா பண்ணுனீங்க?"

"துடுப்பு ஒடிஞ்சு போச்சுங்க. களி கட்டி தட்டிரும்னு அந்தக் கோலை வுட்டுக் கிண்டுனோம்ங்க."

"யாரு பாப்பா அத எடுக்கச் சொன்னது?"

நல்ல காரியத்தின் புகழை நானே வைத்துக்கொள்ளக் கூடாது என்று அம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறாள். "அக்காதாங்க! நான் உலக்கைதான் எடுக்கப் போனேன். அக்காதான் வேணாம், இத எடுத்துட்டு வான்னு சொல்லுச்சு" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

சம்பந்தி ஒரு கணம் அக்காவைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். "ஏங்க அண்ணா, செருப்பக் கழட்டுங்க. கோலு போனாப் போவுது, எனக்கு ஆக்குற களி கெடக் கூடாதுன்னு நெனச்சிருக்குது பாருங்க புள்ள! இதவிட மருமக எங்க கெடைப்பா?" என்று கோலை வாங்கிக்கொண்டு எழுந்து நின்றார். அவர் சாய்ந்த பக்கம் பார்த்துக் கோலும் சாய்ந்தது. அச்சடித்தது போலப் பொருந்தியது. நாலு எட்டு நடந்து காட்டினார். "எனக்குன்னே அளவெடுத்துச் செஞ்சாப்புல இருக்குது சம்பந்தி!"

அப்பா அந்தச் சந்தடியில், "பின்ன, சும்மாங்களா?" என்று சொல்லிவிட்டார். கடைசிவரை அந்த வளைவு தன் யோசனைதான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வளைந்த கோல் கேட்டு ஆட்கள்கூட வந்தார்கள். களியையும் எல்லாரும் கேட்டு வாங்கித் தின்றார்கள். சிவப்பாக இருக்கிறதே, புது ராகியா என்று பெரியப்பா விசாரித்தார். ஆமாங்க என்றாள் அம்மா.

டெம்போ போன பிறகு கொல்லைப்புறம் போனேன். அக்கா கால் மடக்கி உட்கார்ந்து களிப்பானையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பானையில் ஒட்டிய காந்தலுக்கு எனக்கும் அவளுக்கும் எப்போதும் அடிதடிதான். அதனால் கொஞ்சம் தள்ளியே நின்றேன்.

"நல்லவேளைக்கா, நான் மட்டும் சொல்லலைன்னா உன் கல்யாணமே நின்னு போயிருக்கும்" என்றேன்.

அவள் கை நின்றது. என்னை வெகுநேரம் பார்த்தாள். அடிக்கத்தான் போகிறாள் என்று பின்னால் நகர்ந்தேன். அடிக்கவில்லை. சுரண்டிய காந்தல் முழுவதையும் ஒரு தட்டில் போட்டு என் பக்கம் தள்ளிவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கல்யாணத்தைக் காப்பாற்றிக் கொடுத்ததற்குச் சந்தோசப்பட்டுத்தான் கொடுக்கிறாள் என்று நினைத்தேன். அவளுக்கென்று ஒரு துண்டுகூட மிச்சம் வைக்காமல் தின்று முடித்தேன்.