இச்சி மரத்துப் பால்

செஞ்சிக்கு வருகிறவர்கள் ராஜகிரியில் ஏறி, மூச்சு வாங்கி, கீழே இறங்கி, சோடா குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அவலூர்பேட்டைச் சாலையில் இருக்கும் சின்னக் குன்றை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அங்கே எந்த ராஜாவும் யாரையும் கொல்லவில்லை. அதனால் அதற்குப் பெயரும் இல்லை, பெருமையும் இல்லை. பாறைகள், அவற்றை வேரால் கவ்வி நிற்கும் இச்சி மரங்கள், காரைப் புதர், அடிவாரத்தில் ஒரு சிற்றேரி. அவ்வளவுதான். அந்த ஏரியின் கீழே அரை ஏக்கர் வைத்திருந்தவர் பாவாடை.

பாவாடை எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைப் பெயர். பாவாடைராயன் அங்காளம்மனுக்குக் காவல்காரன். குழந்தை பிழைத்தால் அவன் பெயரை வைப்பதாக அப்பா மேல்மலையனூரில் வேண்டிக்கொண்டாராம். குழந்தை பிழைத்தது. பஞ்சம் பிழைக்க அதே அப்பா அதை மலேயாவுக்குத் தூக்கிக்கொண்டு கப்பலேறினார். அங்கே தோட்டத்துச் சுயமரியாதைக் கூட்டங்களில் உட்கார்ந்து படித்து, புரோகிதர் இல்லாமல் கல்யாணம் செய்துகொண்டவர் பாவாடை. பெயரையும் மாற்றிவிடச் சொன்ன தோழர்களிடம், "மாத்தினா அந்த சாமிக்குப் பயந்த மாதிரி ஆயிடும்" என்றார்.

அவர் அப்பா பால்மரம் வெட்டியவரல்ல, பால்மரம் வைப்பதற்காகக் காட்டை வெட்டியவர். ரப்பரைத் தோட்டத் தமிழர் பால்மரம் என்பார்கள். ஆறு பேர் கைகோத்தாலும் கட்ட முடியாத மரங்களைச் சாய்த்து, பதினைந்து நாள் எரியவிட்டு, சாம்பலில் வரிசை வரிசையாகக் கன்று நட்டார்கள். ஒரே மரம், ஒரே உயரம். குரங்குகூட வராத காடு. ஒரு சரிவு மிகவும் செங்குத்தாக இருந்தது. அதை விட்டுவிடலாம் என்று கூலிகள் சொன்னார்கள். ஏக்கருக்கு எத்தனை மரம் என்பது மட்டுமே தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்குத் தெரிந்த கணிதம். மூன்றாம் வருஷ மழையில் அந்தச் சரிவு இறங்கி வந்து, கூலிகள் குடியிருந்த லயத்தின் கடைசி வீட்டை மூடியது. உள்ளே அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தவள் பாவாடையின் தாய்.

விசாரணை நடந்தது. அதிக மழையே காரணம் என்று எழுதி முடித்தார்கள். பழி போட மழை வசதியானது, மறுத்துப் பேசாது. அதன் பிறகு துரைக்கு அறிவு வந்து, சரிவெங்கும் மண்ணைப் பிடித்து நிறுத்தக் குழி வெட்டவும் கொடி படரவிடவும் சொன்னார். வளர்ந்தபின் அந்தக் குழிகளைத் தூர் வாரும் வேலையும் பால்வெட்டும் பாவாடைக்கு வாய்த்தன. தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்று ஆட்களைக் கழித்துக் கட்டியபோது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில், மனைவி கமலாம்பாளுடன் செஞ்சிக்குத் திரும்பினார். தகரப் பெட்டியில் இரண்டு வேட்டி, கட்டு கட்டாகப் பத்திரிகைகள், வளைந்த முனையுள்ள பால்வெட்டுக் கத்தி ஒன்று.

கடைவீதிக்கு அவர் மலேயாக்காரர் ஆனார். எண்ணெய் மண்டி அரிகிருஷ்ணன் ஒருநாள் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அரிகிருஷ்ணன் அந்தக் குன்றை ஒரு பழைய இனாம்தார் குடும்பத்திடம் வாங்கியிருந்தார்.

"வாய்யா மலேயா. டயர் இன்னா விலை விக்குது தெரியுமா? குன்னு பூரா ரப்பர் வெக்கப் போறேன். மேஸ்திரி நீதான்."

"இங்க வராதுங்க மொதலாளி. அதுக்கு வருஷம் பூரா மழை பேயணும். இங்க ஐப்பசி கார்த்திகையில கொட்டிட்டுப் போறது, அப்புறம் எட்டி பாக்கறது இல்ல."

"கெணறு வெட்டறேன்."

"பாறை மேலயா?"

"சரி, ரப்பர் வராட்டி வேற ஒண்ணு. மொதல்ல இருக்கிற புதரை எல்லாம் அடிச்சித் தள்ளிடலாம். வெறகாவது ஆவும்."

"அந்தப் புதருதாங்க மண்ணைப் புடிச்சிக்கினு இருக்குது. அதை அடிச்சா ரெண்டு மழையில ஏரி தூந்து போயிடும். கீழ முப்பது குடும்பம் அந்தத் தண்ணியில பயிர் வெக்குது, நான் உள்பட." பாவாடை தாயின் கதையைச் சொன்னார். அரிகிருஷ்ணன் கேட்டார் என்பதைவிட, கொட்டாவி விட்டார் என்பதே சரி.

"கத சொல்றதுக்கு ஆளு இருக்குது மண்டியில. குன்னு மேல இருக்கிற இச்சியில கீறினா பால் வருதே, அதுக்கு இன்னா சொல்றே? அந்த மண்ணுல அந்தப் பால் வந்தா இந்தப் பாலும் வராதா?"

"அது வேற பாலுங்க. காய வெச்சா பிசினு மாதிரி ஒட்டும், இழுத்தா அறுந்துடும்."

"எங்க, காட்டு பாக்கலாம். வெள்ளிக்கெழம வரேன். காட்டாட்டி திங்கக்கெழம கோடாரி ஏறும்."

நிரூபணம் கேட்ட மனிதரைப் பாவாடைக்குப் பிடித்திருந்தது. அறிவை நம்புகிறவர்களுக்கு இந்தப் பலவீனம் உண்டு.

அது ஆடி மாதம். விடியுமுன் பால் நன்றாக ஓடும் என்பதால் நாலரை மணிக்கே ஏறிவிட்டார். பருத்த இச்சி ஒன்றில், கட்டையைத் தொடாமல் பட்டையை மட்டும் சீவி, மேலிருந்து கீழாகச் சாய்வாக ஒரு வரி இழுத்தார். வரியின் முடிவில் கொட்டாங்கச்சியைக் கட்டினார். பால் கோடாக இறங்கிச் சொட்டியது. முப்பது வருஷப் பழக்கம் அதோடு விடவில்லை. தோட்டத்தில், வெட்டிய காயத்தில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க மருந்து பூசவேண்டும், பூசாதவனுக்கு அரை நாள் கூலி கிடையாது. இங்கே அந்த மருந்து ஏது? வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்து எடுத்துப் போயிருந்தார். காயத்தைச் சுற்றி அதைத் தாராளமாகப் பூசிவிட்டு, அரிகிருஷ்ணனை அழைத்துவரக் கீழே இறங்கினார்.

அரிகிருஷ்ணன் குளித்து, பூசை முடித்து, இட்லி தின்று கிளம்ப ஏழரை ஆயிற்று. அவர்கள் ஏறியபோது மரத்தடியில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

விறகு பொறுக்க வந்த சுந்தராம்பாள்தான் முதலில் பார்த்தவள். ஆடி வெள்ளி, ஆளில்லாத குன்று, மஞ்சள் பூசிய மரம், சொட்டுச் சொட்டாகப் பால். இச்சி இலையைக் கிள்ளினால் பால் வருமென்பது ஆடு மேய்க்கும் குழந்தைக்கும் தெரியும். ஆனால் தெரிந்ததை மறப்பதற்கென்றே நம் நாட்டில் நாள் நட்சத்திரம் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார்களே.

"நான்தாம்மா வெட்டினேன்," என்றார் பாவாடை. "இதோ கத்தி. மஞ்சா, பூஞ்சணம் புடிக்காம இருக்க நான் பூசினது."

"நீதான் வெட்டினே, ஆரு இல்லேன்னாங்க," என்றாள் சுந்தராம்பாள். "உன்னை வெட்ட வெச்சது ஆரு? மலேயாவுல இருந்து இட்டாந்தது ஆரு? பேரே பாவாடை. ஆத்தா தன் காவக்காரனைக் கூட்டிக்கினா."

எல்லாம் தெரிந்தே வந்த அரிகிருஷ்ணன், ஓசைப்படாமல் செருப்பைக் கழற்றினார்.

கோடாரி திங்கட்கிழமை ஏறவில்லை. பாவாடைக்கு வேண்டியது நடந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். இவரோ, பொய்யால் நின்ற மரம் என்று சோறு இறங்காமல் தவித்தார். அடுத்த வாரம் ஊரைக் கூட்டி, எல்லார் கண்ணெதிரிலும் இன்னொரு இச்சியில் வெட்டிப் பால் எடுத்துக் காட்டினார். அந்த மரம் அம்மனின் தங்கை ஆயிற்று. மூன்றாவது மரத்திலும் காட்டினார்.

"நிறுத்துய்யா," என்றாள் கமலாம்பாள். "இன்னும் நாலு வெட்டினியானா ஏழு கன்னியும் வந்து குந்திக்கும்."

நிறுத்தினார். ஆனால் கும்பிட வருகிறவர்களுக்கு வெள்ளிதோறும் பால் வேண்டுமே. மரத்தடிக் கோயிலுக்குத் தர்மகர்த்தா ஆகிவிட்ட அரிகிருஷ்ணன், துரைக்கண்ணு என்ற மரமேறியை வைத்து அரிவாளால் வெட்டவைத்தார். அரிவாள் பட்டையோடு நிற்கவில்லை, கட்டைக்குள் போயிற்று. இரண்டு மாதத்தில் முதல் மரத்தின் ஒரு கிளை இலை உதிர்த்தது. அதோடு, மண்டபம் கட்ட மேற்குச் சரிவைத் திருத்தும் யோசனையும் கிளம்பியது. ரப்பருக்குத் தப்பிய குன்று அம்மனிடம் மாட்டிக்கொண்டது.

இந்த முறை அரிகிருஷ்ணனே பாவாடையின் வீட்டுக்கு வந்தார்.

"மரம் காயுது. சாவாம வெட்டறதுக்கு உனக்குத்தான் தெரியும். கோயிலுக்குன்னு நெனைக்காதே, மரத்துக்குன்னு நெனைச்சிக்க."

பாவாடை மூன்று நிபந்தனை சொன்னார். குன்றில் ஒரு குச்சிகூட வெட்டக்கூடாது, மண்டபம் கூடாது. சரிவில் மண் பிடிக்கும் குழிகளை அவர் சொல்கிற இடத்தில் வெட்டித் தரவேண்டும். பால் எடுக்கும்போதெல்லாம், அது எப்படி வருகிறது என்பதைக் கூடியிருப்பவர்களிடம் அவர் உரக்கச் சொல்லுவார், யாரும் தடுக்கக்கூடாது.

"சொல்லிக்கோ," என்றார் அரிகிருஷ்ணன். வியாபாரி அவர், எது ஆபத்தில்லாதது என்று தெரிந்தவர்.

மறுவாரம் அடிவாரத்தில் பலகை நட்டார்கள்: 'அம்மன் உத்தரவு. மரம் வெட்டுபவர் குலம் நாசமாகும்.' மண், மழை, ஏரி என்று பாவாடை சொன்ன காரணங்களில் ஒன்றும் அதில் இல்லை. ஆனால் அந்த நாளிலிருந்து ஒரு சுள்ளிகூடக் காணாமல் போகவில்லை. முப்பது குடும்பத்தின் தண்ணீருக்காகக் கையை அடக்காத ஊர், தன் குலத்துக்காகக் கையைக் கட்டிக்கொண்டது.

பாவாடை சொன்ன சொல் தவறவில்லை. வெள்ளிதோறும் வரி இழுத்து, கொட்டாங்கச்சி கட்டி, மஞ்சள் பூசி, கூட்டத்தைப் பார்த்து நின்று உரக்கச் சொல்லுவார்: "இது இச்சி மரத்துப் பாலு. நான்தான் வெட்டினேன். இதுல சாமி கீமி ஒண்ணும் இல்ல." கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். நாலு வருஷம் இப்படி நடந்தது.

அறுபத்தொன்பது சித்திரையில் அவருக்கு நல்ல காய்ச்சல். கமலாம்பாளும் பால்வெட்டுக்காரிதான். கத்தியை எடுத்துக்கொண்டு அவள் போனாள். திரும்பி வந்து கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"பாலு நல்லா எறங்கிச்சி. ஆனா ஒரு ஆளு கிட்ட வரல. சுந்தராம்பாள் கேக்கறா, 'மந்தரம் சொல்லலியே, எப்படி எடுத்துக்கறது'ன்னு. எந்த மந்தரம்னேன். அதான், 'நான்தான் வெட்டினேன், சாமி கீமி ஒண்ணும் இல்ல'ன்னு உன் வூட்டுக்காரர் சொல்லுவாரே, அதுன்றா."

"நீ இன்னா பண்ணே?"

"சொன்னேன். மூணு தபா சொல்லச் சொன்னாங்க."

பாவாடை சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். திரும்பாமலே கேட்டார்.

"ஏரியில தண்ணி எவ்ளோ நிக்குது?"

"சித்திரையிலயும் முழங்காலுக்கு மேல இருக்குது."

"கஞ்சி போடு," என்றார்.