நடை வேகத்தில் ஒரு வண்டி

எங்கள் சித்தப்பாவின் மோட்டார் சைக்கிளை ஒரு வாத்துக் கூட்டம் முந்திக்கொண்டு போனதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ராயப்பன்பட்டியில் எங்கள் வீட்டிலிருந்து திராட்சைத் தோட்டத்துக்குப் போகிற சாலை அது. அறுப்பு முடிந்த ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்கு வாத்துகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். அவை சித்தப்பாவின் வண்டிக்கு இரு பக்கமும் பிரிந்து, கத்திக்கொண்டே முன்னால் போய் மறுபடி ஒன்று சேர்ந்துகொண்டன. வாத்துக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனார். சித்தப்பா முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கிளட்ச்சைப் பிடிக்கவில்லை, காலைத் தரையில் ஊன்றவில்லை. வண்டி முதல் கியரில், உதறலே இல்லாமல், ஒரு மனிதர் நடக்கிற வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. அந்த மனிதர் கொஞ்சம் முன்னால் நடந்து போய்க்கொண்டிருந்த என் அப்பா.

அப்பாவும் சித்தப்பாவும் கூடப் பிறந்தவர்கள், ஆனால் பேச்சுவார்த்தை கிடையாது. இரண்டு பேர் தோட்டத்துக்கும் பொதுக் கிணறு ஒன்றுதான்; முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். ஒரு கோடையில் சித்தப்பாவின் திராட்சைப் பந்தல் பூ எடுத்திருந்த நேரத்தில், அப்பா தன் முறை முடிந்த பிறகும் மோட்டாரை ஓடவிட்டுவிட்டார். கிணறு வற்றிப்போய், சித்தப்பாவின் பந்தலில் பூ உதிர்ந்தது. மறந்துவிட்டேன் என்றார் அப்பா. வேண்டுமென்றே செய்தது என்றார் சித்தப்பா. அன்றோடு பேச்சு நின்றது. சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு இருவரும் தவறாமல் வருவார்கள். பூசையின் நடுவே பக்கத்தில் இருப்பவரைக் கும்பிட்டுச் சமாதானம் சொல்லும் நேரம் ஒன்று உண்டு. அந்த நேரத்தில் தப்பித்தவறிக்கூட முகம் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக அப்பா முன்வரிசையிலும் சித்தப்பா கடைசித் தூணின் மறைவிலும் உட்கார்ந்துகொள்வார்கள். அவ்வளவு ஒழுங்கான பகை.

பகையெல்லாம் அவர்கள் இருவருக்கும் மட்டும்தான். அம்மாவோடும் என்னோடும் சித்தப்பா எப்போதும்போலப் பேசுவார். அப்பா இரண்டு எட்டுத் தள்ளி நின்றுகொண்டிருக்கும்போதே என்னைப் பார்த்து, "வரப்புல பாம்புச் சட்டை கெடக்குத்தா. அவுகளப் பாத்துப் போகச் சொல்லு" என்பார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா என்னிடம், "சரின்னு சொல்லு" என்பார். நான் இருபுறமும் தலையாட்டிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன்.

பிறகு அப்பாவின் கண் கெட்டது. கண்ணில் அழுத்தம் கூடி நரம்பு பழுதாகிவிட்டது என்றும், போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றும் மதுரையில் சொன்னார்கள். நேர் எதிரே இருப்பது தெரியும், பக்கவாட்டில் எதுவும் தெரியாது. சாலையின் ஓரம் எது என்று புரியாமல் நடந்து நடந்து நடுவுக்கு வந்துவிடுவார். அந்தச் சாலையோ காலை நேரத்தில் எமகண்டம். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு பறக்கும். வாழைத்தார் லாரிகள் வேறு. யாரையாவது துணைக்குக் கூட்டிப் போங்கள் என்று அம்மா அழுதே பார்த்துவிட்டாள். "பொறந்த ஊரு ரோட்டுல எனக்குத் தொணையா?" என்று கேட்டுவிட்டு அவர் பாட்டுக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். நான் அப்போது தேனியில் ஒரு பள்ளியில் வேலை பார்த்தேன். வகுப்பில் நிற்கும்போது கைப்பேசி அதிர்ந்தால் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு வராந்தாவுக்கு ஓடுவேன்.

சித்தப்பா யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் அப்பா தெருமுனை திரும்பியதும் வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். அப்பாவுக்குப் பின்னால் சாலையின் நடுவே அவர் போனால், வருகிற வண்டியெல்லாம் அவரைச் சுற்றித்தான் போக வேண்டும். யோசனை சரிதான், வண்டிதான் சரிப்படவில்லை. சித்தப்பா இளவட்டமாக இருந்தபோது டீ குடிக்கக் குமுளி வரைக்கும் பறந்தவர். அவர் கையில் எந்த வண்டியும் மெதுவாகப் போய்ப் பழகியதே இல்லை. நடை வேகத்துக்கு இறக்கினால் அது விக்கி விக்கி முன்னால் பாய்ந்தது. பாயாமல் இருக்கக் கிளட்ச்சைப் பாதி பிடித்தபடியே ஓட்டி, கிளட்ச் தட்டைக் கருக்கினார். தட்டை மாற்றிவிட்டு, திருப்புளியால் திருகி எஞ்சின் ஓட்டத்தையே குறைத்து வைத்தார். அதன் பலன், வாய்க்கால் பாலத்து வளைவில் வண்டி அணைந்து நின்றுவிட்டது. அவர் உதைக்க உதைக்க அது கிளம்பவில்லை. அப்பா தனியாக வளைவைத் தாண்டிவிட்டார். பின்னாலிருந்து வந்த ஜீப் ஒன்று அவர் தோள் துண்டை உரசிக்கொண்டு போனது. துண்டு கீழே விழுந்தது தெரியாமல் அப்பா நடந்துகொண்டே இருந்தார் என்று சித்தப்பா பிறகு என்னிடம் சொன்னார்.

அன்றைக்கே உத்தமபாளையத்தில் பாய் பட்டறைக்குப் போனார். பாய் அவருடைய பழைய மெக்கானிக். உண்மையைச் சொல்லக் கூச்சப்பட்டு, "திராட்சைப் பெட்டி கட்டிப் போறேன் பாய், வண்டி உதறி பழமெல்லாம் காம்பவிட்டு உதிருது" என்றாராம். பாய் விவரம் சொன்னார். எஞ்சின் பக்கம் செயினை இழுக்கிற சின்னச் சக்கரத்தில் பல் குறைய வேண்டும், பின் சக்கரத்தில் இருக்கிற பெரியதில் பல் கூட வேண்டும்; அப்போது எஞ்சின் நிறையச் சுற்றும், டயர் கொஞ்சமாக உருளும், மெதுவாகப் போனாலும் திணறாது. "ஆனா ஒண்ணு. மெயின் ரோட்டுல போனீகன்னா கத்து கத்துன்னு கத்தும். வேகம் வராது, பெட்ரோலும் கூடக் குடிக்கும். உங்களுக்கு ஆகுமா?" என்று பாய் கேட்டார். "நா எங்கிட்டு வேகமாப் போகப் போறேன்" என்றார் சித்தப்பா. பாய் அவரை ஏற இறங்கப் பார்த்தாராம். முதலில் சின்னச் சக்கரத்தில் ஒரு பல் குறைத்தார்கள், போதவில்லை. இன்னொன்று குறைத்து, பின்னால், பட்டறையில் இருந்ததிலேயே பெரியதாகப் பார்த்துப் போட்டு, செயினையும் அதற்குத் தக்கபடி சேர்த்தார்கள். மறுநாளிலிருந்து வண்டி நடந்தது.

ஊருக்கு அது வேடிக்கையாகிவிட்டது. சித்தப்பாவுக்குப் பயம் வந்துவிட்டது என்றார்கள். சைக்கிளில் போகிற பள்ளிப் பிள்ளைகள் மணியடித்து அவரை முந்தினார்கள். உத்தமபாளையம் போய்வரக்கூட அவர் பஸ்ஸில்தான் போனார். வண்டியை வேகமாக ஓட்டினால் எஞ்சின் ஓலமிட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. "இவ்வளவு பாடு எதுக்குச் சித்தப்பா, பேசாமக் கூட நடந்து போயிரலாமே" என்று ஒரு நாள் கேட்டேன். அவர் என்னை ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "நடந்து போனா அவுக கூடப் போனதாயிரும்த்தா. வண்டியில போனா நா எம் வழியில போறேன்." இதைவிட நியாயமான விளக்கம் உலகத்தில் இல்லை என்பதுபோல இருந்தது அவர் முகம். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அப்பாவுக்குத் தெரியுமா என்று அம்மாவும் நானும் பல தடவை பேசியிருக்கிறோம். அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. காது நன்றாகக் கேட்கும் மனிதர், தினமும் முதுகுக்குப் பின்னால் ஒரு எஞ்சின் முனகிக்கொண்டே வருவது கேட்காமலா இருக்கும்? ஆனால் வீட்டில் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. கேட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடும், ஒப்புக்கொண்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டி வரும் என்று நினைத்தாரோ என்னவோ. நாங்களும் கேட்கவில்லை. இப்போது அப்பா இல்லை. அந்தச் சாலையையும் அகலமாக்கி, நடுவில் வெள்ளைக் கோடு போட்டிருக்கிறார்கள். அதில் என் ஸ்கூட்டிக்கு முன்னால் யாராவது வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு போனால் எனக்கு ஹாரன் அடிக்கக் கை வருவதில்லை. அவருக்கு முன்னால் யார் நடந்து போகிறார்களோ என்று தோன்றும்.

அப்பா இருந்தபோது ஒரு ஐப்பசியில், ராத்திரி முழுக்க மழை பெய்து ஓய்ந்த காலையில், என் ஸ்கூட்டி கிளம்பவில்லை. மெயின் ரோட்டு விலக்கு வரைக்கும் போனால் தேனி பஸ்ஸைப் பிடித்துவிடலாம். சித்தப்பா வண்டியை நிறுத்தி, "ஏறுத்தா" என்றார். ஏறிய பிறகுதான், நான் பஸ்ஸுக்குப் போகவில்லை, அப்பாவின் பின்னால் போகிறேன் என்று உறைத்தது. வாய்க்கால் பாலத்தை ஒட்டிச் சாலையின் ஓரத்தை மழை அரித்துக்கொண்டு போயிருந்தது. அப்பாவுக்கு அது தெரியவில்லை. கால் வைத்த இடம் பொசுக்கென்று உள்வாங்கியதும் நின்றுவிட்டார். எதிரே ஒரு வாழைத்தார் லாரி விளக்கைப் போட்டபடி வந்தது. ஓரத்துக்கும் போக முடியாமல், நடுவுக்கும் வர முடியாமல் அப்பா கைகளை இலேசாக விரித்துக்கொண்டு நின்றார். அப்பாவை அப்படி நான் பார்த்ததே இல்லை. சித்தப்பா வண்டியை மெல்ல அவருக்கும் லாரிக்கும் நடுவே கொண்டுபோய், அவர் இடுப்புக்குப் பக்கத்தில் உருளவிட்டார். லாரிக்காரர் வேகத்தைக் குறைத்து ஒதுங்கிப் போனார்.

அப்பாவின் கை காற்றில் துழாவியது. என் முழங்காலில் பட்டு, சீட்டில் பட்டு, கடைசியில் எனக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டது. சித்தப்பா தலையைத் திருப்பவில்லை. வண்டி நகர்ந்தது, அப்பா கூடவே நடந்தார். கொஞ்சம் இழுத்திருந்தாலும் அவர் குப்புற விழுந்திருப்பார், அது இழுக்கவில்லை. சிலுவை நட்ட குருசடியைத் தாண்டினோம், விலக்கு வந்தது, என் பஸ் வந்து நின்று போயும் விட்டது. நான் இறங்கவில்லை, மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை. தோட்டத்து மேட்டில் ஏறும்போது அப்பாவுக்கு மூச்சு வாங்கியது.

"ஏலே, கொஞ்சம் மெதுவாப் போ" என்றார்.

என்னிடம் சொல்லி அனுப்பாமல் அவர் நேராகச் சொல்லி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. சித்தப்பாவின் தோள் குலுங்கியது.

"இதுக்கு மேல கொறைக்க இதுல பல்லு இல்லண்ணே."

அப்பா கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை.