எங்கள் லேண்ட்மாஸ்டருக்குத் துரை கிடையாது

அன்புள்ள உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும்,

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓர் ஆண்டு ஆகிறது. மூத்த மகன் என்ற முறையில் இந்த நினைவு மலரில் அப்பாவின் வாழ்க்கையை நான்தான் எழுத வேண்டும் என்று தம்பியும் தங்கையும் கேட்டுக்கொண்டார்கள். அம்மா கேட்டுக்கொள்ளவில்லை, உத்தரவே போட்டுவிட்டார். "எழுதுனா அந்தத் தொரை சமாச்சாரத்தையும் சேத்து எழுது. இல்லாட்டி ஒண்ணுமே எழுதாத" என்றார். ஆகவே வழக்கமான நினைவுக் கட்டுரையாக இது இருக்காது. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

அப்பா கடமலைக்குண்டில், மானாவாரி நிலத்தை நம்பிய விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அடுத்தடுத்து மழை பொய்த்தபோது பள்ளிப் படிப்பு நின்றது. ஊர் வழியாகப் போன லாரி ஒன்றில் கிளீனராக ஏறியவர், கம்பத்தில் இறங்கி, அங்கேயே தங்கி, ஓட்டுநரானார். உத்தமபாளையத்தில் பெண் எடுத்தார். எங்கள் அம்மாதான் அந்தப் பெண்.

அப்பாவிடம் இருந்த ஒரே சொத்து உண்மை பேசுவது. அதனால் எங்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் நஷ்டம்தான். ஆண்டிபட்டிச் சந்தைக்கு ஒரு பசுவை விற்கக் கொண்டுபோனார். விலை கேட்டவர்களிடமெல்லாம், "நல்லாக் கறக்கும். ஆனா ஒதைக்கும். இந்தா பாருங்க" என்று முழங்காலில் இருந்த காயத்தையும் காட்டினார். பசு பத்திரமாக வீடு திரும்பியது. என் பெண் பார்க்கும் நிகழ்ச்சியில், ஆயிரம் பொய் சொல்லலாம் என்று ஊரே அனுமதி கொடுத்திருக்கும் இடத்தில், "பையனுக்கு முணுக்குன்னா கோவம் வரும். கொஞ்சம் வீம்பும் உண்டு" என்று சம்பந்தி வீட்டாரிடம் சொன்னார். இன்றுவரை என் மனைவி அதை எடுத்துக்காட்டுவது உண்டு. "அரிச்சந்திரனுக்கு வாக்கப்பட்டவ கதிதேன் எனக்கும்" என்று அம்மா அலுத்துக்கொள்வார். அந்த அலுப்பில் பெருமையும் கலந்திருக்கும்.

இனி வண்டிக்கு வருகிறேன். கம்பத்தில் ஏலக்காய் வியாபாரம் செய்த இராவுத்தர் ஒருவர் லேண்ட்மாஸ்டர் கார் ஒன்றைப் புதிதாக எடுத்து வைத்திருந்தார். கார்களைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: லேண்ட்மாஸ்டர் என்பது அம்பாசடருக்கு அண்ணன். தூரத்தில் பார்த்தால் அம்பாசடர் என்றே தோன்றும். பின்பக்கம் அம்பாசடருக்கு இருக்கும் சின்னத் துடுப்பு இதற்கு இருக்காது. கியர் ஸ்டியரிங் தண்டோடு இருக்கும். என்ஜின் பழைய சைடு வால்வு ரகம். சமவெளியில் சமர்த்தாக ஓடும், மலை ஏறச் சொன்னால் மூச்சு வாங்கும். இராவுத்தர் மலைத் தோட்டங்களுக்குப் போய்வர ஜீப் வாங்கியபோது இந்தக் காரை அப்பாவுக்குக் கொடுத்தார். கடமலைக்குண்டு நிலத்தையும் அம்மாவின் தாலிக்கொடியையும் விற்றுத்தான் அப்பா அதை வாங்கினார். அதன்பின் பல வருடங்கள் அம்மா மஞ்சள் கயிற்றோடு இருந்தார்.

உடம்பெல்லாம் கறுப்பும் கூரைக்கு மஞ்சளும் அடித்து, அப்பா அதை டாக்சியாக ஓட்டினார். மலையடிவாரத்து லோயர் கேம்பில் நிறுத்தி, வாய்க்கால் தண்ணீரைக் கேன்களில் பிடித்துக்கொண்டுதான் குமுளி மலை ஏறுவார். பாதிக் கொண்டையூசி வளைவுகளில் ரேடியேட்டர் கொதித்துவிடும். வண்டியில் வந்தவர்கள் இறங்கிச் சக்கரத்துக்குப் பின்னால் கல் வைப்பார்கள், அப்பா தண்ணீர் ஊற்றுவார். கல்யாணப் பெண்கள், தேனி ஆஸ்பத்திரிக்குப் போன பிள்ளைத்தாய்ச்சிகள், ஹஜ்ஜுக்குக் கிளம்பியவர்கள், மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து உயிரில்லாமல் திரும்பியவர்கள் என்று எல்லோரும் அதில் வந்தார்கள். நாங்கள் மூவரும் படித்தது அந்த வண்டியின் வருமானத்தில். எனக்கு வங்கி வேலை கிடைத்ததும் அப்படித்தான்.

வேன்களும் புதிய கார்களும் வந்தபின் லேண்ட்மாஸ்டர் கொட்டகைக்குள் போனது. அப்பா அதை விற்கவில்லை. நான் மதுரையில் பணியில் இருந்தபோது பழைய கார் ஆர்வலர்கள் சிலரின் நட்பு கிடைத்தது. வாட்ஸ்அப்பில் ஒரு குழு, ஆண்டுக்கொரு கண்காட்சி. நல்ல மனிதர்கள். ஒருவருக்குக் கார்புரேட்டர் கிடைக்கவில்லை என்றால் இன்னொருவர் தன் வண்டியிலிருந்து கழற்றிக் கொடுத்துவிடுவார். அவர்கள் உதவியோடு எங்கள் வண்டியை உயிர்ப்பித்தேன். கறுப்பையும் மஞ்சளையும் சுரண்டி எடுத்துவிட்டு, பாலாடை நிறம் அடித்தேன். அப்பா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "கறுப்பு நல்லாத்தேன்டா இருந்துச்சு" என்றார், ஒரே ஒரு முறை.

கண்காட்சியில் ஒவ்வொரு வண்டியின் முன்பும் ஒரு போர்டு வைக்க வேண்டும். தயாரிப்பு, என்ஜின், முதல் உரிமையாளர், வண்டியின் வரலாறு. குழுவில் மற்றவர்கள் எழுதியிருந்ததைப் பார்த்தேன். ஒருவரது வண்டி ஜமீனில் இருந்தது, இன்னொருவரது வண்டி சமஸ்தானத்துத் திவானுடையது. என் பேனா எழுதக் கூசியது. எங்கள் வண்டி கம்பம் டாக்சி ஸ்டாண்டில் நின்றது என்று எப்படி எழுதுவது? 'முதல் உரிமையாளர்: வண்டிப்பெரியாறு பகுதியைச் சேர்ந்த ஆங்கிலேயத் தேயிலைத் தோட்டத் துரை' என்று எழுதினேன். அப்படி ஒரு துரையே கிடையாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். இராவுத்தர், அப்பா, அம்மாவின் கழுத்து எல்லாம் அந்தப் பூசணிக்காய்க்குள் இருந்தன.

கண்காட்சிக்கு அப்பாவையும் அழைத்துப் போயிருந்தேன். அவர் போர்டை வாசித்தார். வண்டியின் மறுபக்கம் போய் நின்றுகொண்டார். கூட்டம் சேர்ந்தது. குழுவிலேயே விவரம் தெரிந்த ஒருவர், ஓய்வு பெற்ற பொறியாளர், வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கதவோரத்து ரப்பர் பீடிங்கை விரலால் ஒதுக்கினார். உள்ளே கொஞ்சம் மஞ்சள் பெயிண்ட் ஒட்டியிருந்தது.

"சார், இது டாக்சி மஞ்சளாச்சே. துரை வண்டியில எப்படி வந்துச்சு?" என்று என்னிடம் கேட்டார்.

கேள்வியில் குற்றச்சாட்டு இல்லை, ஆர்வம்தான் இருந்தது. ஆனால் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் போர்டைப் பார்த்தேன். அப்போது மறுபக்கத்திலிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"அதுங்களாய்யா? தொரை சீமைக்குப் போகையில வண்டிய எங்கிட்டக் குடுத்துட்டுப் போயிட்டாக. நாந்தேன் அவுகளுக்கு டிரைவரு. பொறவு கொஞ்ச நாளு டாக்சியா ஓட்டுனேன். அந்த மஞ்சதேன் அது."

பசு உதைக்கும் என்று சந்தையில் சொன்ன மனிதர் இவர். என் முகம் விழக் கூடாது என்பதற்காக, தன் சொந்த வண்டிக்குத் தானே வேலைக்காரரானார். பொறியாளர் அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "துரையோட டிரைவரே வந்திருக்கார், இதப் போர்டுல போடலையே சார் நீங்க!" என்றார். அப்பாவுக்குச் சால்வை போர்த்தினார்கள். படம் எடுத்தார்கள். எங்கள் வண்டிக்குப் பரிசும் கிடைத்தது. நான் சிரித்துக்கொண்டே போய் வாங்கினேன் என்பதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

திரும்பும்போது ஆண்டிபட்டியில் தேநீர் குடிக்க நிறுத்தினோம். சால்வையை மடித்து மடியில் வைத்திருந்தார் அப்பா.

"ஏலே, டாக்சிக்காரன் மகன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சாக்கும்?"

"இல்லப்பா. எல்லாரும் அப்பிடித்தேன் போடுறாக..."

"சரி, விடு. நாலு பேரு முன்னால நீ முழிச்சுக்கிட்டு நின்ன. எனக்குப் பாக்கப் பொறுக்கல" என்றார். தேநீரைக் குடித்து முடித்தார்.

அடுத்த கண்காட்சிக்கும் அப்பாவை அழைத்தார்கள், துரையைப் பற்றிப் பேசச் சொல்லி. முழங்கால் வலி என்று சொல்லி மறுத்துவிட்டார். அதற்கடுத்த ஆண்டும் முழங்கால் வலித்தது. கண்காட்சி முடிந்த மறுநாளே சைக்கிளில் கடைவீதிக்குப் போய்விடுவார். அந்த வண்டியில் அவர் பிறகு ஏறவே இல்லை. குழுவில் அவருக்கு 'துரை டிரைவர் அய்யா' என்றே பெயராகிவிட்டது. நான் திருத்தியிருக்கலாம். திருத்த வேண்டுமானால் நான் பொய்யன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். வீம்பு உண்டு என்று அப்பா பெண் பார்க்கும் வீட்டில் சொன்னது உண்மைதான்.

அப்பாவின் கடைசி நாட்கள் தேனியில் ஒரு மருத்துவமனையில் கழிந்தன. நுரையீரலில் நீர் கோத்திருந்தது. பேசுவதே சிரமம். குழுவிலிருந்து ஒரு நண்பர் பழக்கூடையோடு பார்க்க வந்தார். போகும்முன், "அய்யா, அந்தத் துரை பேரு என்னங்கய்யா? வண்டி வரலாறு ஒண்ணு தொகுக்கிறோம்" என்று கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். என்ன சொல்லட்டும் என்று என்னிடம் யோசனை கேட்பதுபோலப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பேரு மறந்து போச்சுய்யா. நல்ல மனுசரு" என்றார் அப்பா, மூச்சிரைக்க.

நண்பர் போனபிறகு கட்டிலருகே உட்கார்ந்தேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "எளநி வாங்கிட்டு வரவாப்பா?" என்று கேட்டேன். "வேணாம்ப்பா. நீ போயிச் சாப்பிடு" என்றார். அந்த வாரமே அப்பா காலமானார்.

இறுதிச் சடங்கு நாளில், தெரு முனையில் குழுவினர் ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். அன்போடுதான் கட்டினார்கள். அதில் அப்பாவின் சால்வைப் படம். கீழே, 'ஆங்கிலேயத் துரையின் விசுவாச ஓட்டுநருக்குக் கண்ணீர் அஞ்சலி.' அழுது ஓய்ந்திருந்த அம்மா அதை எழுத்துக் கூட்டி வாசித்தார். என்னைக் கூப்பிட்டார்.

"யாருடா தொரை? எங்கழுத்துல கெடந்தத வித்து வாங்குன வண்டிக்கு, தொரை எங்கனயிருந்துடா வந்தான்?"

"பொறவு சொல்றேம்மா" என்றேன். பேனரைக் கழற்றச் சொல்லியிருக்கலாம். ஆட்கள் பக்கத்தில்தான் நின்றார்கள். வந்திருந்த குழு நண்பர்கள் என்ன நினைப்பார்களோ என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது. அப்பாவின் பாடை அந்தப் பேனரைக் கடந்துதான் போனது.

வண்டியை அப்பாவுக்கு விற்ற இராவுத்தரின் மகனும் கம்பத்திலிருந்து வந்திருந்தார். காலையில் முதல் ஆளாக வந்தவர், எல்லாம் முடியும்வரை நின்றார். கிளம்பும்போது பேனரைக் காட்டி, "எங்கத்தா வெள்ளக்காரவுகளா இருந்தாகன்னு எனக்கே இன்னைக்குத்தேன்ப்பா தெரியும்" என்றார். சிரித்துக்கொண்டே சொல்லி, என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் அன்றைக்குத் தூங்கியிருப்பேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும், "அவுக பொய் சொன்னதே கெடையாது. ஒனக்காகத்தேன் சொல்லிருக்காக. சொல்லிட்டு எம்புட்டு வெந்து போயிருப்பாக" என்றார். எனக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

பழைய கார் குழு நண்பர்களுக்கும் இந்த மலர்தான் முதல் தகவல். என்னை எப்படி வேண்டுமானாலும் நினையுங்கள். நீங்கள் தொகுக்கும் வரலாற்றில் மட்டும் தயவுசெய்து மாற்றி எழுதுங்கள். முதல் உரிமையாளர் கம்பம் இராவுத்தர். இரண்டாம் உரிமையாளர் எங்கள் அப்பா. ஓட்டியவரும் அவரே. வாடகை வண்டி. பரிசுக் கோப்பையை உங்களிடமே திருப்பித் தருகிறேன்.

அப்பாவைக் கடைசிவரை கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், முறை வைத்து மருத்துவமனையில் இருந்த தம்பிக்கும் தங்கைக்கும், ஓட்டத்தை விட்டுவிட்டு வந்து பாடைக்குத் தோள் கொடுத்த டாக்சி ஸ்டாண்டு ஓட்டுநர்களுக்கும், இராவுத்தர் குடும்பத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்னொரு நன்றியும் உண்டு. உறவினர்களே, உங்களில் பாதிப் பேர் அந்த வண்டியில் ஏறியவர்கள். அன்று பேனரை வாசித்தபோதே அது பொய் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். துக்க வீட்டில் என் மானத்தைக் காப்பாற்றி, ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அந்த உதவி இனி வேண்டாம். ஆண்டு நினைவு நாளன்று எங்கள் வீட்டில் இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது லேண்ட்மாஸ்டர் வீட்டு வாசலில் நிற்கும். குழு நண்பர்களும் பக்கத்தில் நிற்பார்கள். அப்பா ஓட்ட, நீங்கள் அதில் எங்கே போனீர்கள், எதற்குப் போனீர்கள் என்று அவர்களிடம் சொல்லுங்கள். கல்யாணத்துக்கோ பிரசவத்துக்கோ சாவுக்கோ, எதற்குப் போயிருந்தாலும் சொல்லுங்கள். நான் அங்கேயே நிற்பேன். என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள்.

இப்படிக்கு,
டாக்சிக்காரரின் மூத்த மகன்