சப்ளையர் பெயர்

ஆரம்பாக்கத்தில் என்னோடு ஒருவர் காலை ரயில் ஏறுவார். ஒரு காதில் சிவப்புப் பேனா, இன்னொரு காதில் பச்சைப் பேனா. கும்மிடிப்பூண்டியில் ஏதோ கம்பெனியில் உதிரிபாகங்களைச் சோதிக்கிற வேலை. ஆங்கிலம் கற்றுக்கொள்ள ஒரே ஒரு சிறுகதையை ஜெராக்ஸ் எடுத்து, மூன்று மாதமாக அதையே படித்தார். புரிந்த சொல்லுக்குப் பச்சைப் புள்ளி, புரியாததற்குச் சிவப்பு. சிவப்பு இருக்கும்வரை அடுத்த பத்திக்குப் போகமாட்டார். உலக இலக்கியம் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

எம்.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு டெஸ்பாட்ச் பில் அடிக்கிற மேதை நான். ஒருநாள் என்னிடம் தாளை நீட்டினார். கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்குக் ‘கோல்ட் ஃபீட்’, அதாவது குளிர்ந்த பாதம், வந்தது என்று ஒரு வரி. எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்வதற்கா எம்.ஏ. படித்தேன்?

“ஒரு மாதிரி குளிர்க்காய்ச்சல்” என்றேன். பச்சைப் புள்ளி வைத்தார்.

மறுநாள் ரயிலில் அதே தாள்.

“காய்ச்சக்காரன் சொவுரு எகிறிக் குதிச்சு ஓட்றான் சார், அடுத்த பத்தில. கடைசி நேரத்துல பயந்துகினு பின்வாங்கிட்டான், அதான் அர்த்தம்.”

“அப்படியும் சொல்லலாம்” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. பச்சைப் புள்ளியின் மேலேயே சிவப்பு வைத்தார்.

“ரிஜெக்ட் ஆனா சப்ளையர் பேரு எழுதணும். எங்க கம்பெனி ரூலு. உங்க பேரு இன்னா சார்?”

மூன்று மாதத்தில் அன்றுதான் என் பெயரைக் கேட்டார்.

நான் இறங்க வேண்டியது கும்மிடிப்பூண்டி. வண்டி அதற்கு முந்தின ஸ்டேஷனான எளாவூரில் நின்றதும் குதித்துவிட்டேன். ஜன்னலில் அவர் தெரிந்தார். பேனாவைத் திறந்தபடி, மரியாதையாகக் காத்திருந்தார்.