டம்ளர் வைத்துப் பார்க்கிறவள்

பழைய லேப்டாப்பை ஒட்டினாற்போல ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துவிட்டு அவள் கையைக் கட்டிக்கொள்கிறாள். திரையில் ஆயிரம் குருவிகள் பறக்கின்றன. அவள் பார்ப்பதோ தண்ணீரை. உள்ளே விசிறி மூச்சிரைத்தால் மேசை அதிரும். மேசை அதிர்ந்தால் தண்ணீர் நெளியும். நெளிந்தால் அந்தக் குருவிகளை வரைகிற லைப்ரரிக்கு வாசல் அந்தப் பக்கம்.

கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிறவள். திரையில் படம் வரைவதற்கென்று ஆளாளுக்கு எழுதிக் கட்டி வைத்த நிரல் மூட்டைகள் உண்டு. கிராபிக்ஸ் லைப்ரரி என்பது அதுதான். எதை எடுப்பது என்று அவளுக்கு யாரும் சொல்லிவிட முடியாது. “மினுக்கி என்னத்துக்கு, ஓடணும்ல?” என்பாள். கூட்டாளிகள் வைத்த பெயர் டம்ளர் அக்கா.

இது அவளும் கொழுந்தனும் உத்தியோகத்தை உதறிவிட்டு இறங்கிய முதல் விளையாட்டு. விடுமுறைக்கு நூலகத்தில் பிள்ளைகள் இதை விளையாட வேண்டும். அங்கே உள்ள கம்ப்யூட்டர்களும் இந்த லேப்டாப்பைப்போலக் கிழடு தட்டியவை. திக்கினால் நூலகத்தார் வேறு ஆள் பார்ப்பார்கள். பாதியில் லைப்ரரியை மாற்றுவது, கூரை போட்டபின் அஸ்திவாரத்தைத் தோண்டுகிற கதை. இன்றே முடிவாக வேண்டும்.

படம் போடுகிற கொழுந்தனுக்கு, வெளிச்சமும் நிழலும் விழுகிற பெரிய லைப்ரரி மேல் கண். சின்ன லைப்ரரிதான் சரி என்று அவள் எப்போதோ ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது.

சின்னதை ஓட்டினாள். தண்ணீர் நெளிந்தது.

“டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்குங்க அண்ணி. நான் பாக்கல.”

அவள் தள்ளவில்லை. எந்தச் சில்லு எவ்வளவு உழைக்கிறது என்று திரையில் குனிந்து பார்த்தாள். படம் வரைகிற வேலைக்கென்றே உள்ளே தனிச் சில்லு ஒன்று சும்மா உட்கார்ந்திருக்க, சின்ன லைப்ரரி மொத்தச் சுமையையும் மற்ற எல்லா வேலையும் பார்க்கிற முக்கியச் சில்லின் தலையிலேயே ஏற்றியிருந்தது. இளைக்காமல் என்ன செய்யும்?

“உன்னோடதப் போடு தம்பி.”

அதிலும் தண்ணீர் நெளியும் என்றுதான் நினைத்தாள். குருவிகள் பறந்தன. ஒன்றுக்கும் கீழே நிழல் இல்லை. வாரக்கணக்கில் உட்கார்ந்து அவன் பார்த்துப் பார்த்துச் செய்த நிழல்.

“எங்கடா அது?”

“எடுத்துட்டேன். உங்க லேப்டாப் கிழவி தாங்க மாட்டா,” என்றான், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு.

பெரிய லைப்ரரி வரைகிற வேலையைத் தனிச் சில்லிடமே விட்டிருந்தது; விசிறி முனகக்கூட இல்லை. தண்ணீர் கண்ணாடித் துண்டுபோல் நின்றது. வழக்கத்தைவிட அதிக நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், டம்ளரை எடுத்துப் பாதியைக் குடித்தாள். மீதியை அவன் பக்கம் நகர்த்தினாள்.